நான்கு பொட்டலம் தேயிலை

1962-இல் கருங்கடல் கரையோர ஜார்ஜியாவில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் வழிப்போக்கர் இருவரிடம் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்தார்கள். ஒன்று மாஸ்கோவுக்கு, ஒன்று பாரிஸுக்கு, ஒன்று லண்டனுக்கு, ஒன்று வாஷிங்டனுக்கு. அன்று அணுகுண்டு வைத்திருந்த நாடுகள் நான்கு, பொட்டலங்களும் நான்கு. வாங்கிக்கொண்டவர்கள் இந்திய இளைஞர்கள். பெங்களூரில் எடுத்த முடிவோடு டெல்லியிலிருந்து நடந்தே வந்தவர்கள். கையில் ஒரு பைசா கிடையாது.

ஆசியாவைத் தரைவழியாகக் கடந்த இளைஞர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவது, நீண்ட முடியும் முதுகுப்பையுமாக மேற்கிலிருந்து வந்து இறங்கியவர்கள்தான். அந்தக் கூட்டம் பெருகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அதே வழியில் கிழக்கிலிருந்து மேற்கே இந்த இருவரும் நடந்து போயிருக்கிறார்கள். அந்த நடையை அதன் தேயிலையை வைத்துச் சொல்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்களுக்கென்று அவர்கள் சுமந்தது மிகக் கொஞ்சம். பத்திரமாகச் சுமந்தது பிறர் கொடுத்தனுப்பியதை.

காலைக் காபியும் செய்தித்தாளும்

சதீஷ் குமார் 1936-இல் ராஜஸ்தானின் ஸ்ரீ துங்கர்கட்டில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஜைனத் துறவியாகி, பதினெட்டு வயதில் துறவைத் துறந்து, வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் சேர்ந்தார். ஜைனத் துறவிகள் வண்டி ஏறுவதில்லை, செருப்பு அணிவதில்லை, காசு தொடுவதில்லை. ஆகவே, வெறுங்காலோடு வெறுங்கையோடு ஊர் ஊராக நடப்பது அவருக்குச் சிறு வயதிலேயே பழகிய வாழ்க்கை. அவருடைய தோழர் ஈ. பி. மேனன் கேரளத்துக்காரர்; அவரும் பூதான ஊழியர். இருவருக்கும் ஆசானான வினோபாவே பெரும் நடைக்காரர். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் முதல் நிலதானத்தை வாங்கியவர், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நாடு முழுக்க நடந்தே நிலமற்றவர்களுக்காக நிலம் கேட்டார்.

வினோபாவின் ஆசிரமங்களில் ஒன்று பெங்களூரில் இருந்தது. விஸ்வநீடம் என்று பெயர். மாகடி சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் இன்றைக்கு அஞ்சலகப் பெயராகவே பழக்கம். பெங்களூரில் இருந்த நாட்களில் ஒரு காலை, சதீஷும் மேனனும் காபி குடிக்கக் கடைக்குப் போனபோது செய்தித்தாளில் ஒரு செய்தியைப் பார்த்தார்கள். அணு ஆயுதத்தை எதிர்த்துப் போராடியதற்காகத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சிறை வைக்கப்பட்டார் என்பதே அது. 1961 செப்டம்பரில் நடந்தது. ரஸ்ஸலுக்கு அப்போது 89 வயது. நீதிமன்றம் முதலில் இரண்டு மாதம் என்று சொல்லி, உடல்நிலை கருதி ஒரு வாரமாகக் குறைத்தது. லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அந்த ஒரு வாரத்தை அவர் கழித்தார்.

தொண்ணூறை நெருங்கும் ஒரு மனிதர் உலக அமைதிக்காகச் சிறைக்குப் போகிறார், நாம் இங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறோமே என்ற கேள்வி அந்த மேசையில் எழுந்தது. அணுகுண்டு வைத்திருக்கும் நான்கு தலைநகரங்களுக்கும் நடந்தே போவது என்ற முடிவும் அங்கேதான் பிறந்தது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் யூனியன் ஆர்க்டிக் கடலின் நோவயா செம்ல்யா தீவில் 50 மெகாடன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். வளிமண்டலத்தில் வெடிக்கும் சோதனைகளின் கதிர்வீச்சுத் துகள் எங்கோ கிளம்பி எங்கோ மழையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கவலை இளைஞர்களுக்கு மட்டுமே இருந்ததல்ல. அடுத்த ஆண்டு, 1962-இல், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்த ராஜாஜி, தம் 83-ஆவது வயதில் காந்தி அமைதி அறக்கட்டளையின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று வாஷிங்டன் போனார். கர்நாடகத்தின் ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் போனார்கள். செப்டம்பர் இறுதியில் அதிபர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி ராஜாஜி வாதாடினார். முதியவர் விமானத்தில் போய் வெள்ளை மாளிகையில் பேசிய அந்த நாட்களில், இளைஞர்கள் இருவரும் மேற்கு ஆசியப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். இரு தரப்பும் கேட்கப் போனது ஒன்றைத்தான்.

வாங்க மறுத்த பொட்டலம்

வினோபாவிடம் ஆசி கேட்கப் போனபோது அவர் இரண்டு சொன்னார். காசு வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனாலும் சைவ உணவை விடாதீர்கள். காசு இருந்தால் மாலையில் களைத்துப் போய் ஒரு விடுதியைத் தேடுவீர்கள், சாப்பிட்டுத் தூங்கி மறுநாள் கிளம்பிவிடுவீர்கள், யாரையும் பார்க்க மாட்டீர்கள். காசு இல்லையென்றால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். சைவம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கொல்லாமையைப் பற்றிப் பேச வேண்டிவரும். அந்த அறிவுரையின் சாரம் இதுதான். தவத்துக்காகச் சொன்னதல்ல, சந்திப்புக்காகச் சொன்னது.

1962 ஜூன் 1 அன்று டெல்லி ராஜ்காட்டில் காந்தி சமாதியிலிருந்து நடை தொடங்கியது. பஞ்சாபின் கோடை வெயிலில் நடந்து பாகிஸ்தான் எல்லைக்கு வந்தார்கள். வழியனுப்ப வந்த தோழி ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார். பிரிவினையின் ரத்தம் காய்ந்து பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் என்ன கிடைக்குமோ, யார் எப்படி நடத்துவார்களோ என்ற தாய்மனம் அதில் இருந்தது. சதீஷ் வாங்கிக்கொள்ளவில்லை. இதைச் சுமந்துகொண்டு போனால் பாகிஸ்தான் மக்களிடம் போய் உங்களை நம்பவில்லை என்று சொல்வதாக ஆகிவிடும், இது சாப்பாட்டுப் பொட்டலமல்ல, அவநம்பிக்கைப் பொட்டலம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதைப் பிற்காலத்தில் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோழிக்குக் கண்ணீர் வந்தது. எல்லை தாண்டிச் சிறிது தூரம் போனதும் முன்பின் தெரியாத ஒருவர் அவர்களைத் தேடி வந்தார். அமைதிக்காக நடந்து வருகிறவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு வழிபார்த்திருந்தவர் அவர். அன்று லாகூரில் அவர் வீட்டில் விருந்து.

அங்கிருந்து கைபர் கணவாய், காபூல், பிறகு ஈரான். எங்கும் இதே கதைதான். சாப்பாடு கிடைத்த வீட்டில் சாப்பிட்டார்கள், கிடைக்காத நாளை உண்ணாவிரதமாக எடுத்துக்கொண்டார்கள். கூரை கிடைக்காத இரவில் வானத்தின் கீழே படுத்தார்கள். பாலைவனத்திலும் மலைக் கிராமத்திலும் கேட்காமலே தட்டில் ரொட்டி வந்தது. வாகன வசதி அதிகம் இல்லாத அந்த நிலங்களில் நடந்து வருகிறவனுக்குத் தண்ணீரும் நிழலும் தருவது மரபு. நம் நாட்டில் சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப் பந்தலும் இருந்ததன் பின்னால் இருப்பதும் அதே அறம்தான்.

ஈரானிலிருந்து ஆர்மேனியா வழியாகச் சோவியத் யூனியனுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து ஜார்ஜியா. தேயிலை காத்திருந்த இடம்.

சீனத்திலிருந்து வந்த செடி

அந்தத் தேயிலையின் பூர்வீகம் ஜார்ஜியா அல்ல. ரஷ்யர்கள் இரண்டு நூற்றாண்டுகளாகச் சீனத் தேயிலையைத் தரைவழியாக வரவழைத்துக் குடித்தவர்கள். 1727-இல் கியாக்தா ஒப்பந்தம் எல்லைச் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு, மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தை ஒட்டக வரிசைகள் கடந்தன. தேயிலையை இறுக அழுத்திச் செங்கல் வடிவத்தில் கட்டி, ஒட்டகத்திலும் சைபீரியப் பனியில் சறுக்கு வண்டியிலும் ஏற்றி, மாதக்கணக்கில் பயணம் செய்து மாஸ்கோ கொண்டு சேர்த்தார்கள். மனிதர்கள் பொழுதுபோக்காக ஆசியாவைக் கடப்பதற்கு வெகுமுன்பே தேயிலை அதைத் தொழிலாகக் கடந்துகொண்டிருந்தது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்து, பின்னர் சைபீரிய ரயில் பாதையும் வந்ததும் ஒட்டகப் பாதை ஓய்ந்தது.

இவ்வளவு தொலைவிலிருந்து வாங்குவதைவிட நம் மண்ணிலேயே வளர்த்தால் என்ன என்று பல வணிகர்கள் யோசித்தார்கள். கோன்ஸ்டான்டின் பொபோவ் என்ற தேயிலை வணிகர் 1893-இல் சீனாவிலிருந்து விதையும் நாற்றும் கொண்டுவந்து, கைதேர்ந்த தொழிலாளர்களையும் அழைத்து வந்து, பதூமி துறைமுகத்துக்கு அருகே சாக்வாவில் தோட்டம் போட்டார். அந்தக் குழுவுக்குத் தலைவராக வந்த லியூ ஜுன்சோ பல ஆண்டுகள் அங்கேயே தங்கி, ஜார்ஜியத் தேயிலையை நிலைநிறுத்தினார். ரஷ்யப் பேரரசை வண்ணத்தில் படமெடுத்த புரோகுடின் கோர்ஸ்கி 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாக்வாவுக்கும் வந்தார். தேயிலைப் புதர்களின் நடுவே மார்பில் பதக்கங்களோடு நிற்கும் அந்தச் சீனரின் படம் இன்றும் இருக்கிறது. இன்னொரு படத்தில் கொழுந்து பறிக்கும் கிரேக்கப் பெண்கள். முக்காடு, நீண்ட பாவாடை, புதர் மறைக்கும் இடுப்பு, அள்ளி நிறைத்த கூடை. குன்னூரிலோ வால்பாறையிலோ நுவரெலியாவிலோ வளர்ந்த எவருக்கும் அந்தப் படத்தில் இருப்பவர்கள் அந்நியர்களாகத் தெரிய மாட்டார்கள். சீனச் செடி, ரஷ்ய முதலீடு, ஜார்ஜிய மண், கிரேக்கக் கைகள். நம் மலைகளில் வெள்ளைக்காரன் முதலீடும் தமிழ்க் கைகளும் சேர்ந்ததைப் போல.

சோவியத் காலத்தில் கருங்கடலோரச் சரிவுகள் முழுக்கத் தேயிலை பரவியது. அந்நாட்டில் விளைந்த தேயிலையில் மிகப் பெரும் பகுதி ஜார்ஜியாவிலிருந்து வந்தது. தேயிலை விளையும் நிலங்களில் இது மிகவும் வடக்கே தள்ளியது. குளிர்காலத்தில் பனி பெய்யும், செடி உறங்கும். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை கொழுந்து எடுப்பார்கள். பறித்ததை முதலில் வாட்ட வேண்டும். வாடிய இலையை உருளையில் கசக்கிச் சுருட்ட வேண்டும். கசங்கிய இலையின் சாறு காற்றுப் பட்டு, பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் ஏறும். மணம் பிறப்பது அப்போதுதான். சரியான நேரத்தில் சூடு காட்டி உலர்த்திவிட வேண்டும். உலர்த்தி வெளியே வரும் தேயிலையில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அப்படி உலர்ந்த கறுப்புத் தேயிலை, ஈரமும் வேறு வாசனையும் அண்டாமல் கட்டிவைத்தால் ஓர் ஆண்டுக்கு மேலும் கெடாது. இந்தக் குணம் இல்லாமல் போயிருந்தால், இனிச் சொல்லப்போகும் பயணமே நடந்திருக்காது.

கொடுத்தனுப்பினார்கள்

கருங்கடல் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அருகே இரண்டு பெண்களைச் சந்தித்தார்கள். இவர்கள் தங்கள் பயணத்தை விளக்கும் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார்கள். காந்தி நாட்டிலிருந்து நடந்தா வருகிறீர்கள் என்று வியந்த பெண்கள், உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தேநீரோடு சாப்பாடும் வந்தது. வேலை செய்த மற்றவர்களும் கூடிவிட்டார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவர் எழுந்து போய் நான்கு பொட்டலம் தேயிலையோடு திரும்பி வந்தார்.

எங்களால் அந்த ஊர்களுக்கெல்லாம் போக முடியாது. எங்கள் சார்பில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரே செய்தி. என்றைக்காவது அணுகுண்டுப் பொத்தானை அழுத்தும் பைத்தியக்கார எண்ணம் உங்களுக்கு வந்தால், ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தத் தேயிலையில் ஒரு குவளை தேநீர் போட்டுக் குடியுங்கள். அந்தக் குண்டு எதிரியை மட்டும் கொல்லாது, வயலில் வேலை செய்கிறவர்களையும் குழந்தைகளையும் மரம் செடிகளையும் பறவைகளையும் கொல்லும் என்பதை யோசிக்க அந்த நேரம் உதவும். இதுவே அந்தச் செய்தியின் சாரம்.

பெங்களூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் ஓரமாக ஓடிவந்து, “காட்பாடியில எங்க தம்பி வந்து நிப்பான், இத மட்டும் குடுத்துடுங்கண்ணே” என்று ஒரு பையை நீட்டுவார்களே, அந்த உரிமைதான் இதிலும் இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் நம் பொருளை ஒப்படைக்கிறோம். அவர் சேர்த்துவிடுவார் என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. வாங்கிக்கொண்டவருக்கும் காட்பாடி வரும்வரை தூக்கம் வருவதில்லை. அந்தப் பெண்கள் கொடுத்தனுப்பியது தம்பிக்கு அல்ல, சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கும் பிரெஞ்சு அதிபர் டி காலுக்கும் பிரிட்டிஷ் பிரதமருக்கும் அமெரிக்க அதிபருக்கும். ஆனாலும் கொடுத்த விதம் அதுதான்.

எல்லையில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மறுத்தவர்கள் இந்தத் தேயிலைப் பொட்டலங்களை மறுக்கவில்லை. ஏன் என்று யோசித்தால் இந்த நடையின் உள்ளடக்கம் முழுக்க அதில் இருக்கிறது. முதலாவது, வழியிலுள்ள மனிதர்களை நம்ப வேண்டாம் என்று கட்டிக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது, வழியிலுள்ள மனிதர்களே நம்பிக் கொடுத்தது. அதுவரை இருவரும் தங்கள் சங்கல்பத்துக்காக நடந்தார்கள். ஜார்ஜியாவைத் தாண்டிய பிறகு தேயிலைப் பெண்களின் தூதர்களாக நடந்தார்கள். வழிநெடுக வாங்கிச் சாப்பிட்ட கைக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு வந்தது.

நான்கு தலைநகரங்கள்

முதல் பொட்டலம் ரஷ்யக் குளிர்காலத்தைக் கடந்து மாஸ்கோவில் சேர்ந்தது. 50 மெகாடன் குண்டை வெடித்த அரசின் தலைமையகத்தில் அதிகாரிகள் அதை வாங்கிக்கொண்டார்கள். மீதி மூன்றும் போலந்து, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்று மேற்கே போயின. பெர்லினில் சுவர் எழும்பி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. தேயிலைத் தூள் அந்தச் சுவரின் இரு பக்கத்தையும் பார்த்தது.

பாரிஸில் வரவேற்பு வேறு மாதிரி. பிரான்ஸ் 1960 பிப்ரவரியில்தான் சஹாராவில் முதல் குண்டை வெடித்து அணுநாடாகியிருந்தது. அதிபரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைக்காமல், அதிபர் மாளிகைக்கு முன்னால் போய் நின்றதற்காக இருவரும் கைதானார்கள். ஒரு முதியவர் சிறை போன செய்தியைப் படித்துக் கிளம்பியவர்கள், அதே காரணத்துக்காகத் தாங்களும் சிறைக்குள் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பொட்டலம் போக வேண்டிய இடத்துக்குக் காவல்துறையின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து. லண்டனுக்கான மூன்றாம் பொட்டலமும் சேர்ப்பிக்கப்பட்டது. வேல்ஸில் வசித்துவந்த ரஸ்ஸலையும் இருவரும் நேரில் சந்தித்தார்கள். செய்தித்தாளின் ஒரு பத்தியில் பார்த்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது 91 வயது. அட்லாண்டிக்கை நடந்து கடக்க முடியாது. ரஸ்ஸலின் உதவியோடு குயின் மேரி கப்பலில் பயணச்சீட்டு கிடைத்தது. கடைசிப் பொட்டலம் கப்பலேறியது.

அது போய்ச் சேருமுன் சேர வேண்டிய முகவரியில் ஆள் மாறிவிட்டார். 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க்கிலிருந்து நடந்து 1964 தொடக்கத்தில் வாஷிங்டன் சேர்ந்தபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் லிண்டன் ஜான்சன். நான்காம் பொட்டலம் அங்கே ஒப்படைக்கப்பட்டது. ராஜ்காட்டில் காந்தி சமாதியில் தொடங்கிய நடை ஆர்லிங்டனில் கென்னடியின் கல்லறையில் முடிந்தது. சுமார் 8,000 மைல். துப்பாக்கிக்கு இரையான ஒருவரிடமிருந்து துப்பாக்கிக்கு இரையான இன்னொருவரிடம்.

அமெரிக்காவில் இருந்தபோது இருவரும் மார்ட்டின் லூதர் கிங்கையும் சந்தித்தார்கள். அந்நாட்டின் தென்பகுதியில், வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த ஓர் உணவகத்தில் தேநீர் கேட்டதற்குத் தன்மேல் துப்பாக்கி நீட்டப்பட்டதைச் சதீஷ் சொல்லியிருக்கிறார். இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அங்கே 1964 ஜூலையில்தான் கையெழுத்தானது. கருங்கடல் கரையில் அழைத்து உட்காரவைத்துக் கொடுத்த தேநீரும், காசு கொடுத்தாலும் கிடைக்காத இந்தத் தேநீரும் ஒரே நடையின் இரண்டு முனைகள்.

ஜப்பானுக்கும் போய் டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை நடந்த பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். சதீஷ் 1973-இல் இங்கிலாந்தில் குடியேறி, ரிசர்ஜன்ஸ் இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். டெவனில் ஷூமாக்கர் கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மேனன் பெங்களூரையே தம் ஊராக்கிக்கொண்டு, அமைதிப் பணியில் ஈடுபட்டார். நடையின் நினைவுகளை இருவருமே புத்தகமாக எழுதியிருக்கிறார்கள்.

ஒரு நிமிடத்தின் மதிப்பு

ஒரு குவளை தேநீரால் அணுப்போர் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் சொன்னதைக் கவனமாகப் பார்த்தால், அவர்கள் தேநீரை நம்பவில்லை என்பது புரியும். தேநீர் கொதிக்க எடுக்கும் நேரத்தை நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதை வரலாறு காட்டியிருக்கிறது.

சதீஷும் மேனனும் நடந்துகொண்டிருந்த அதே 1962-இன் அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அக்டோபர் 27 அன்று, அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்துகொண்ட பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலுக்குள், அணுகுண்டு பொருத்திய டார்ப்பிடோவை ஏவுவதா என்ற வாக்குவாதம் நடந்தது. வாசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி சம்மதிக்க மறுத்தார். கப்பல் மேலே வந்தது. 1983 செப்டம்பர் 26 நள்ளிரவில் சோவியத் எச்சரிக்கை மையத்தின் திரையில் அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் குறி தெரிந்தது. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைக் கருவியின் பிழை என்று கணித்தார். அது பிழைதான். அர்கிபோவும் பெட்ரோவும் செய்தது தேயிலைப் பொட்டலம் கேட்டுக்கொண்ட அதே காரியம். நின்றார்கள், யோசித்தார்கள்.

கியூபாவில் பயந்துபோன வல்லரசுகளும் அந்தப் பாடத்தைக் கற்றன. பொட்டலங்கள் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்த 1963 ஜூனில், மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே நேரடிச் செய்தி இணைப்பு அமைக்க ஒப்பந்தமானது. ஆகஸ்ட் இறுதியில் அது இயங்கத் தொடங்கியது. அந்த இணைப்பில் தொலைபேசி கிடையாது. பேச்சில் அவசரம் வந்துவிடும் என்று, எழுதி அனுப்பும் தந்திப் பொறியைத்தான் வைத்தார்கள். எழுதவும் படிக்கவும் மொழிபெயர்க்கவும் ஆகும் நேரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதே ஆகஸ்டின் 5-ஆம் தேதி, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. ராஜாஜி கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. பிரான்ஸ் அதில் சேரவில்லை.

அதே வழியில் பிறகு வந்தவர்கள்

1957-இலேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு இந்தியாமேன் என்ற பேருந்து ஓடத் தொடங்கியிருந்தது. அறுபதுகளின் பிற்பாதியில் அந்தப் பாதையில் இளைஞர் கூட்டம் பெருகியது. இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், பெஷாவர், லாகூர், டெல்லி, காத்மாண்டு. 1972-இல் அப்படிக் கடந்த டோனி வீலரும் மௌரீனும் மறு ஆண்டு அச்சிட்ட சிறு கையேடுதான் லோன்லி பிளானட் நிறுவனத்தின் முதல் புத்தகம்; குறைந்த செலவில் ஆசியாவைக் கடப்பது எப்படி என்பதே அதன் பொருள். அந்தத் தலைமுறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்கள் நாட்டுக்கு வெளியே உலகம் இருக்கிறது என்பதை உடம்பால் அறிய வந்தவர்கள் அவர்கள். ஆனால், குறைந்த காசில் கடப்பதும் காசே இல்லாமல் கடப்பதும் வேறு வேறு. முதலாவதில் பயணி கணக்குப் பார்க்கிறான். இரண்டாவதில் ஒவ்வொரு நாளும் இன்னொரு மனிதரின் நல்லெண்ணத்தில் வாழ்கிறான். அவருக்குத் தான் என்ன திருப்பித் தருவது என்று கேட்டுக்கொண்டே நடக்கிறான்.

1979-இல் ஈரானில் புரட்சி வந்தது. ஆண்டு முடிவதற்குள் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. பாதை அறுந்தது. அந்தப் பொட்டலத் தேயிலை விளைந்த மண்ணும் தப்பவில்லை. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும் ஜார்ஜியத் தேயிலைக்குச் சந்தை போயிற்று, தொழிற்சாலைகள் மூடின, தோட்டங்களில் புதர் மண்டியது. 1992-93 அப்காசியப் போரில் கருங்கடலோரத்தின் ஒரு பகுதி மக்கள் வீடிழந்து ஓடினார்கள். கொஞ்ச காலமாகத்தான் அங்கே சிறு தோட்டக்காரர்கள் பழைய செடிகளை வெட்டிச் சீராக்கி மறுபடி கொழுந்து எடுக்கிறார்கள்.

பொட்டலம் போதாத காலம்

1964 அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் குண்டை வெடித்தது. ஜார்ஜியாவுக்குத் தேயிலைச் செடி கொடுத்த நாடு ஐந்தாவது அணுநாடாயிற்று. 1974 மே 18 அன்று பொக்ரானில், சதீஷ் பிறந்த அதே ராஜஸ்தான் பாலையில், நம் நாடு தன் முதல் குண்டை வெடித்தது. 1998 மே மாதம் மறுபடி பொக்ரான். அதே மாதம் பாகிஸ்தானின் சாகாய் மலை. தோழி பயந்த எல்லையின் இரண்டு பக்கமும் இன்று அந்த ஆயுதம் இருக்கிறது. இஸ்ரேலையும் வடகொரியாவையும் சேர்த்தால் ஒன்பது நாடுகள், சுமார் பன்னிரண்டாயிரம் குண்டுகள். அட்டாரி–வாகா எல்லை வாசல் 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. சதீஷும் மேனனும் கைவீசி நடந்துபோன முதல் நாட்டுக்கே பெங்களூர் இளைஞர் ஒருவர் இன்று நடந்து போக வழியில்லை.

இதைச் சொல்லி மனம் தளரச் செய்வது என் நோக்கமல்ல. 1962-இலும் வழி எளிதாக இல்லை. போர் பயம் இன்றைவிடக் கடுமையாக இருந்தது. அந்த ஆண்டில்தான் சீனாவோடு நாம் போரிட்டோம். அப்படிப்பட்ட ஆண்டில், விமானத் தொழிற்சாலைக்கும் அறிவியல் கூடங்களுக்கும் பெயர்போன நம் ஊரின் ஒரு காபிக் கடையில் இரண்டு பேர் ஒரு முடிவெடுத்தார்கள், அதை நடத்தியும் காட்டினார்கள். பெங்களூர் தன் வரலாற்றில் கெம்பேகவுடாவையும் கண்டோன்மென்ட்டையும் கணினி நிறுவனங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறது. இந்த நடையையும் சொல்லித்தர வேண்டும். ராஜாஜியின் வாஷிங்டன் பயணத்தைத் தமிழ்ப் பாடநூல்களும் அதன் பக்கத்திலேயே வைக்கலாம். அணு எதிர்ப்பு என்றால் ஏதோ மேலைநாட்டு இறக்குமதி என்று நினைக்கும் நம் பிள்ளைகள், எண்பத்து மூன்று வயதிலும் இருபத்தைந்து வயதிலும் அதைத் தோளில் சுமந்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்று அறியட்டும்.

கல்லூரி முடித்துவிட்டு முதுகுப்பையோடு கிளம்பும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் போங்கள். திபிலீசிக்குப் போங்கள், சாக்வாவின் தோட்டங்களைப் பாருங்கள், ஹிரோஷிமாவுக்குப் போங்கள். பையை மூடுமுன் உள்ளே கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். வழியில் உங்களுக்குச் சோறு போட்ட யாராவது ஒருவர், தாம் போக முடியாத ஓர் இடத்துக்கு எதையாவது கொடுத்தனுப்புவார். பொருளாக இருக்கலாம், ஒரு சொல்லாகவும் இருக்கலாம். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு ஊர் திரும்புங்கள்.